இருபத்தொன்பதாம் பிரிவுக்கு ஓர் உருட்டாலை உரை

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு கிரேன், சங்கிலி, கம்பிவடம், சுமையைக் கொக்கியோடு கட்டும் ஸ்லிங் ஆகியவை பற்றியது. அச்சில் ஒரு பக்கத்தைத் தாண்டாது. முக்கால் நூற்றாண்டாக இந்தியாவின் எந்த உருட்டாலையிலும் (ரோலிங் மில்) கிரேன் ஓடியது இந்தப் பக்கத்துக்குக் கட்டுப்பட்டுத்தான். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு பழைய சட்டத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டது. ஆனால் கிரேனைப் பரிசோதிக்கிறவர்களின் பழக்கமும் பதிவேட்டின் பாஷையும் இந்தப் பிரிவில் ஊறி வந்தவை.

எல்லாத் தொழிற்சாலைக்கும் பொதுவாக எழுதப்பட்ட வாசகம் இது. பஞ்சு மூட்டை தூக்கும் கப்பிக்கும், அடுப்பு வாசலில் ஸ்லாப் என்ற உருக்குப் பாளத்தைத் தூக்கும் கிரேனுக்கும் ஒரே சொற்கள். அவற்றை உருட்டாலைக்குள் கொண்டுபோய் நிறுத்திப் படித்தால் சில சொற்கள் கனக்கின்றன, சில போதாமல் போகின்றன. வாசகத்தின் சாரத்தை என் தமிழில் தருகிறேன். வழக்காடப் போகிறவர்கள் மூலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

“ஹாய்ஸ்ட், லிஃப்ட் நீங்கலாக, ஆளையோ சரக்கையோ ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தூக்கு இயந்திரத்துக்கும், ஒவ்வொரு சங்கிலிக்கும், கம்பிவடத்துக்கும், தூக்கு சாதனத்துக்கும் கீழ்க்கண்டவை பொருந்தும்.”

‘நீங்கலாக’ என்று தள்ளப்பட்ட லிஃப்டுக்கு 28-ஆம் பிரிவு இருக்கிறது. அதன்படி லிஃப்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். கிரேனுக்கோ பன்னிரண்டு மாதம். அலுவலகக் கட்டடத்தில் மேலாளரை இரண்டாம் மாடிக்கு ஏற்றுகிற பெட்டிக்கு வருடத்தில் இரண்டு சோதனை, இருபத்தைந்து டன் இரும்பை ஆட்கள் நடமாடும் கூடத்தில் (பே) கொண்டுபோகும் கிரேனுக்கு ஒன்று! லிஃப்டில் மனிதர்கள் ஏறுகிறார்கள் என்பது காரணம். கிரேனுக்குக் கீழே நிற்பவர்களும் மனிதர்கள்தானே என்று கேட்டால், அதற்கும் பின்னால் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

‘ஒவ்வொரு’ என்ற சொல்லை வேகமாகக் கடந்துவிடக் கூடாது. ஒரு மில்லில் கிரேன்களை எண்ணிவிடலாம். ஸ்லிங், ஷேக்கிள், கொக்கிகளை எண்ணுவது லேசில்லை. பே விட்டுப் பே இரவல் போகும், ஷிஃப்ட் மாறும்போது தூணோரம் கிடக்கும், அறுந்ததைக் கட்டி மறுபடி மாட்டியும் விடுவார்கள். அத்தனைக்கும் சட்டம் கிரேனுக்குச் சமமான இடம் தருகிறது.

தூக்கு இயந்திரம் எது, தூக்கு சாதனம் எது என்ற விளக்கம் பிரிவின் கடைசியில் இருக்கிறது. அதை இங்கேயே பார்த்துவிடலாம். இயந்திரம் என்றால் கிரேன், கிராப், வின்ச், கப்பி, டிரான்ஸ்போர்ட்டர், ரன்வே முதலியவை. சாதனம் என்றால் சங்கிலி ஸ்லிங், கம்பி ஸ்லிங், கொக்கி, ஷேக்கிள், சுவிவல், கிளாம்ப், தட்டு ‘அல்லது இவை போன்ற சாதனம்’. உருட்டாலைக்கு உயிர் அந்தக் கடைசித் தொடரில் இருக்கிறது. ஸ்லாபைக் கவ்வும் டாங்ஸ், சுருளின் நடுத்துளையில் நுழையும் சி-ஹூக், தகடு தூக்கும் மின்காந்தம் எதையும் பட்டியல் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. ‘இவை போன்ற’ என்ற வாசல் வழியாகத்தான் அவை சட்டத்துக்குள் வருகின்றன. ‘டாங்ஸ் கணக்கில் வராது’ என்று யாராவது வாதாடினால் நான் ஒப்ப மாட்டேன்.

கணக்கில் வராதவையும் உண்டு. மில்லில் உலோகம் பெரும்பாலும் கிரேனில் போவதில்லை, ரோலர் டேபிளில் உருண்டு போகிறது. அடுப்பைவிட்டு வந்த ஸ்லாப் ரோலர் மேலேயே, உருட்டும் ரோல்கள் பொருந்திய ஸ்டாண்டுக்குள் நுழைந்து வெளியேறி, பட்டையாக நீண்டு, சுருளாகிறது. இது தூக்குவது ஆகாது. சுழலும் பாகங்களுக்கு வேலி போடச் சொல்லும் 21-ஆம் பிரிவுதான் இதற்கு. அடுப்புக்குள் இருக்கும் வாக்கிங் பீம் ஸ்லாபைச் சற்றே உயர்த்தி, முன்னே நகர்த்தி, இறக்கி வைத்துவிட்டு, தான் மட்டும் தாழ்ந்து திரும்புகிறது. செய்கையில் அதுவும் தூக்குவதுதான். ஆனாலும் பட்டியலில் இல்லை, ஆட்கள் அருகே போகும் இடமும் இல்லை. விட்டுவிடலாம்.

“எல்லாப் பாகங்களும் நல்ல அமைப்பும், குறையற்ற பொருளும், போதிய வலிமையும் உடையனவாக, பழுதின்றி இருக்க வேண்டும், ஒழுங்காகப் பராமரிக்கப்பட வேண்டும்.”

‘போதிய’ என்றால் எதற்குப் போதிய? எடைக்கு மட்டும் என்று படிப்பது பாதிப் படிப்பு. இயந்திரப் பட்டறையில் 30 டன் கிரேன் நாளில் சில தடவை தூக்கும், அதுவும் எப்போதாவதுதான் முழு எடை. ஸ்லாப் யார்டில் அதே 30 டன் கிரேன் மூன்று ஷிஃப்டும் ஓயாது, தூக்குவதெல்லாம் ஏறக்குறைய முழு எடை. எடை ஒன்றே, உலோகம் படும் களைப்பு வேறு. இந்தியத் தர நிறுவனம் இதை உணர்ந்துதான் சாதாரண மின்கிரேன்களுக்கு ஐஎஸ் 3177 என்றும், உருக்காலைக் கிரேன்களுக்கு ஐஎஸ் 4137 என்றும் இரண்டு தனித் தரநூல்களை வைத்திருக்கிறது. பட்டறைக் கிரேனை வாங்கி மில்லில் ஏற்றினால், பெயர்ப்பலகையில் எடை சரியாக இருக்கும், ‘போதிய வலிமை’ இருக்காது.

அடுத்தது சூடு. சட்டம் சூட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஸ்லாப் அடுப்பிலிருந்து 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் வெளிவரும். மில்லில் பரவலாக இருக்கும் எண்பதாம் கிரேடு அலாய் சங்கிலி 200 டிகிரிவரை முழு எடை தாங்கும். 300 வரை பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 400 வரை நாலில் ஒரு பங்கை. அதற்கு மேல் அந்தச் சங்கிலியைப் பயன்படுத்தவே கூடாது. நார்க்கரு வைத்த கம்பி ஸ்லிங்குக்கு 100 டிகிரிதான் எல்லை. கரு காய்ந்து பொடியாகிவிட்டால் வெளிக்கம்பிகள் ஒன்றையொன்று தேய்த்து அறுக்கும், வெளிப்பார்வைக்கு வடம் நன்றாகவே இருக்கும். பாலியெஸ்டர் பட்டைக்கும் ஏறத்தாழ அதே 100 டிகிரி. காலையில் குளிர்ந்த ரோலைத் தூக்கிய ஸ்லிங்கை மாலையில் சூடு ஆறாத பில்லட் கட்டுக்கு மாட்டினால் ‘போதிய வலிமை’ அங்கேயே முறிந்தது. ஆகையால் இந்த வாசகத்தை உருட்டாலையில் ‘வேலை நடக்கும் சூட்டில் போதிய வலிமை’ என்று படிக்க வேண்டும்.

மின்காந்தத்துக்கும் சூடுதான் பகை. இரும்பு 770 டிகிரியை நெருங்கினால் காந்தத்துக்குப் பிடிகொடுக்காது. அதனால்தான் செந்தணல் ஸ்லாபுக்கு டாங்ஸ், ஆறியதற்குக் காந்தம். வேறொரு விதமான உலோகமும் காந்தத்துக்கு மசியாது. குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் கலந்த துருப்பிடிக்காத உருக்கு, குளிர்ந்திருந்தாலும் ஒட்டாது. துருப்பிடிக்காத உருக்குக்குப் பெயர்பெற்ற சேலம் உருக்காலையில் அந்த வகைச் சுருளை நகர்த்த சி-ஹூக் போன்றவைதான் துணை. சி-ஹூக்கின் முதுகில் எதிர்எடை வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் வெறுங்கொக்கி தலைசாய்ந்து தொங்கும், சுருளின் துளைக்குள் நேராக நுழையாது.

காந்தத்தை நம்புகிறவர் மின்சாரத்தை நம்புகிறார். மின்சாரம் போன நொடியில் தகடு விழாமலிருக்க மின்கலம் தாங்க வேண்டும். அந்த மின்கலமும் ‘எல்லாப் பாகங்களும்’ என்பதில் அடக்கம், ‘ஒழுங்காகப் பராமரிக்க’ என்பதிலும் அடக்கம்.

“பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது, அல்லது தலைமை ஆய்வாளர் எழுத்தில் குறிக்கும் இடைவெளியில், தகுதியுள்ள ஒருவர் முழுமையாகப் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.”

லிஃப்டோடு ஒப்பிட்டுச் சொன்ன குறைக்கு வழி இங்கே இருக்கிறது. ‘ஒருமுறையாவது’ என்றது கீழெல்லை. மில்லின் வேலைக்கு ஏற்ப இடைவெளியைக் குறைக்கத் தலைமை ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு, குறைத்துக்கொள்ள நிர்வாகத்துக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

‘முழுமையாக’ என்பதை (3)-ஆம் உட்பிரிவு தானே விளக்குகிறது: கண்ணால் பார்ப்பது, தேவையானால் வேறு முறைகளையும் கையாள்வது, பாகங்களைக் கழற்றிப் பார்ப்பது, நிலைமை அனுமதிக்கும் அளவுக்குக் கவனமாகப் பார்த்து நம்பத்தக்க முடிவுக்கு வருவது. ‘தேவையானால்’ என்ற சொல்லில்தான் சோம்பல் ஒளிந்துகொள்ளும். கொக்கியின் வாயை யாரும் பார்ப்பார்கள், அகலம் விரிந்திருந்தால் தெரியும். கொக்கியின் தண்டு பிளாக்குக்குள் மறைந்திருக்கிறது. அதில் நட்டு ஏறும் மரை முடியும் இடத்தில்தான் களைப்பு வெடிப்பு தொடங்கும். நட்டைக் கழற்றாமல் அது கண்ணுக்கு வராது. கழற்றிய பிறகும் வெறுங்கண் போதாமல் சாயம் தடவியோ காந்தத்தூள் தூவியோ பார்க்க வேண்டியிருக்கும். கம்பிவடத்திலும் அப்படித்தான். ஓடுகிற பகுதி எல்லார் கண்ணிலும் படும். இருபக்க வடத்தைச் சமன்செய்யும் கப்பியில் வடம் அசைவது சொற்பம். ஒரே இடத்தில் வளைந்து நின்று, ஈரமும் தூசியும் சேர்ந்து, அடிப்பக்கம் அரித்துக்கொண்டிருக்கும். வடத்தைத் தூக்கி அந்த அடிப்பக்கத்தைப் பார்க்காத சோதனையை முழுமையானது என்று நான் சொல்ல மாட்டேன்.

“சோதனைக்காக அன்றி, பாதுகாப்பான வேலை எடைக்கு மேல் ஏற்றக் கூடாது. அந்த எடையை அடையாளக் குறியோடு தெளிவாகப் பொறித்துப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். அது இயலாத இடத்தில் எடை அட்டவணையைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.”

பிரிவின் மையம் இது. ‘சோதனைக்காக அன்றி’ என்ற விலக்கு, புதிதாக ஏற்றிய கிரேனுக்கு 25 சதவீதம் கூடுதல் எடை வைத்துப் பார்ப்பதற்கானது. ‘இந்த ஒரு தடவை தூக்கிப் பார்ப்போம்’ என்பதற்கு அதில் இடமில்லை.

எடைக்கு மேல் ஏற்றாமலிருக்க எடை தெரிய வேண்டும். மில்லில் தராசு தேடிப் போவதில்லை, கணக்குத்தான். ஒரு கனமீட்டர் உருக்கு 7.85 டன். 10 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 220 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்லாப் 3.3 கனமீட்டர், அதாவது ஏறக்குறைய 26 டன். மேலே 30 டன் கிரேன். நாலு டன் மிச்சம் என்று மனசு சொல்லும். டாங்ஸும் அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து ஐந்து டன் என்று வைத்துக்கொண்டால் கிரேன் அறியும் எடை 31. கொக்கிக்குக் கீழே தொங்குவதெல்லாம் சுமைதான். கிரேனின் கர்டரில் எழுதிய எடையைப் படிக்கும்போது டாங்ஸின் எடையைக் கழித்தே படிக்க வேண்டும். டாங்ஸின் மேலேயே அதன் சொந்த எடையையும் பொறித்து வைப்பது நல்ல வழக்கம்.

ஸ்லிங்கில் இன்னொரு சூட்சுமம். 10 டன் ரோல் ஒன்றை இருகால் ஸ்லிங்கில் தூக்கினால் காலுக்கு 5 டன் என்பது இரண்டு காலும் நேர்ச்செங்குத்தாக நின்றால் மட்டும். கால்களுக்கு நடுவே 60 டிகிரி விரிந்தால் ஒவ்வொன்றிலும் 5.8 டன் இழுவிசை. 90 டிகிரிக்கு 7.1 டன். 120 டிகிரிக்குப் பத்து டன், அதாவது முழு ரோலும் ஒவ்வொரு காலிலும். குட்டை ஸ்லிங்கை இழுத்துப் பிடித்து மாட்டினால் கோணம் விரியும், அவசரத்தில் கைக்கு அகப்படுவதும் குட்டை ஸ்லிங்தான். எனவே அட்டவணையில் எடை மட்டும் போதாது, கோணத்துக்குக் கோணம் எடை இருக்க வேண்டும். அட்டவணை ஸ்லிங் மாட்டுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து தெரியவும் வேண்டும். கண்ணில் படும்படி என்றது அவர் கண்ணில் படும்படி, சூப்பர்வைசர் அறைச் சுவரில் அன்று.

“நகரும் கிரேனின் சக்கரப் பாதையிலோ அருகிலோ, கிரேன் மோதக்கூடிய இடத்தில் ஆள் வேலை செய்யும்போது, அந்த இடத்துக்கு 6 மீட்டருக்குள் கிரேன் வராதபடி பயனுள்ள நடவடிக்கை எடுக்க வேண்டும்.”

நிமிடத்துக்கு 90 மீட்டர் ஓடும் கிரேன் 6 மீட்டரை நாலு நொடியில் கடக்கும். கிரேன் ஓடும் மேடையான கேன்ட்ரி மேல் ரயில் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருக்கும் ஃபிட்டருக்கு, தூணைப் பிடித்து ஒதுங்கக்கூட அந்த நேரம் பத்தாது. எனவே ‘6 மீட்டர்’ என்ற எண்ணைவிட ‘பயனுள்ள’ என்ற சொல்லுக்குத்தான் கனம் அதிகம். ஆபரேட்டரிடம் வாயால் சொல்வது பயனுள்ள நடவடிக்கை ஆகாது. அவர் டீ குடிக்கப் போவார், மாற்று ஆள் ஏறுவார். மின்தொடர்பைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுச் சாவியை வேலை செய்கிறவரே வைத்துக்கொள்வது, ரயிலில் தடைக்கட்டை இறுக்குவது, இவைதான் பயனுள்ளவை. ஒரே கேன்ட்ரியில் இரண்டு கிரேன் ஓடும் பேயில், பழுதான கிரேனைப் பூட்டிவிட்டு மற்றதை மறப்பது மோசம். வாசகம் ‘கிரேன்’ என்றுதான் சொல்கிறது, எந்தக் கிரேன் என்று பிரிக்கவில்லை. அந்தப் பாதையில் ஓடும் எல்லாம் அதில் அடங்கும்.

மிஞ்சியது (2)-ஆம் உட்பிரிவு, மாநில அரசு கூடுதல் விதி போடலாம், விலக்கும் தரலாம் என்பது. விளக்கம் வேண்டாத வாசகம்.

உருட்டாலையில் வேலை பார்க்கும் வாசகருக்கு ஒரு சொல். பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்கு 111-ஏ பிரிவு தந்தது, புதிய தொகுப்பும் அதை விடவில்லை. நாளைக்குக் கையில் எடுக்கும் ஸ்லிங்கின் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு பதிவேட்டில் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எண் இல்லாத ஸ்லிங்கையும், பதிவேட்டில் ஏறாத எண்ணுள்ள ஸ்லிங்கையும் கொக்கியில் மாட்டாதீர்கள்.