ஊன்றுகோலும் பனிமலையும்

மும்பையின் வடகிழக்கே பாண்டுப் நிலையத்தில் இறங்கி மேற்கு நோக்கி நடப்பவர்கள் சிறிது நேரத்தில் குன்றை எதிர்கொள்வார்கள். அதன் சரிவிலே அடுக்கடுக்காக வீடுகள். அவற்றினூடே குறுகலான, செங்குத்தான படிகள். ஆனி, ஆடி மாதத்து மழையில் சேறு படிந்துவிட்டால், இரண்டு கால்களும் நலமாக உள்ளவரே சுவரைப் பற்றிக்கொண்டுதான் இறங்குகிறார். ஊன்றுகோலை நம்பி வாழ்பவருக்கோ அந்நாட்களில் வீட்டு வாயிற்படியே உலகத்தின் எல்லையாகிவிடுகிறது.

முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா என்றொரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. எட்டாததை விரும்பாதே என்பது அதன் கருத்து. மரமும் கொம்பும் தேனும் மாறாதவை, குறையெல்லாம் மனிதனிடத்தில்தான் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. ஓர் ஏணியைப் பற்றி அது நினைத்துப் பார்க்கவேயில்லை.

கொம்புத் தேனினும் எட்டாததாகத் தோன்றுவது ஒன்றுண்டு. அதுதான் பனிச்சறுக்கு. நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் துளி. ஐரோப்பாவிலோ அது முழங்கால் ஆழத்திற்குக் கொட்டிக் கிடக்கும் வெண்பொடி. நீண்ட சறுக்குக்கட்டைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு அதன்மேல் மலைச்சரிவில் பாய்ந்திறங்கும் விளையாட்டிலே, கால் இழந்தவருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். சமதரையில் ஒற்றைக்காலர் ஒவ்வோர் அடிக்கும் தம் உடலைத் தாமே தூக்கிச் சுமக்கிறார். சரிவிலோ அவரது எடையே அவரைக் கொண்டு செல்கிறது. அங்கே தேவைப்படுவது தூக்கும் வலிமையன்று, சமநிலை. ஆகவே தெருவில் தடுமாறுகிறவர் பனிமலையில் விரைந்து செல்வது வியப்புக்குரிய செய்தியே அன்று.

இதனைக் கண்டறிந்தவர்கள் பெரும்பாலும் போரில் ஊனமுற்ற வீரர்கள். ஆஸ்திரியா நாட்டுச் செப் ஸ்விக்நாகல் என்பவர் இரண்டாம் உலகப் போரில் கைக்குண்டு வெடித்து இரு கால்களையும் இழந்தார். செயற்கைக் கால்களுடன் சறுக்கிப் பழகிய அவர், கிட்ஸ்பியூல் என்னும் மலையூரில் பிறருக்குக் கற்பிக்கும் ஆசிரியராகவும் ஆனார். போருக்குப் பின்னர் பாட்காஸ்டைன் என்ற ஊரில் 17 பேர் கலந்துகொண்ட தேசியப் போட்டி ஒன்று நடைபெற்றது.

அவர்களுக்கு ஏணியாக வாய்த்தது ஊன்றுகோலே. முழங்கையைத் தாங்கும் ஊன்றுகோலின் அடிமுனையில் சிறியதொரு சறுக்குக்கட்டையைப் பொருத்தினார்கள். ஒரு காலில் ஒரு கட்டை, இரு கைகளில் இரு சிறு கட்டைகள். பனியிலே மூன்று தடங்கள் விழும். அதனால் அம்முறைக்கு மூன்று தடச் சறுக்கு என்றே பெயர் வந்தது. சிறு கட்டையை மேல்நோக்கி மடக்கிவிட்டால் அது மீண்டும் வெறும் ஊன்றுகோல். கண்பார்வை அற்றவருக்கோ ஒரு வழிகாட்டி முன்னே சறுக்கிக்கொண்டு, திரும்பவேண்டிய இடங்களைக் குரல் கொடுத்துச் சொல்கிறார்.

1976-இல் ஸ்வீடன் நாட்டு எர்ன்ஷெல்ட்ஸ்விக் நகரில் முதலாவது குளிர்காலப் பாராலிம்பிக் நடைபெற்றது. அவயவம் இழந்தவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்குமே அங்குப் போட்டிகள் இருந்தன. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வற்றவர் நிற்க முடியாதவர்; அவருக்கு ஊன்றுகோல் மட்டும் போதாது. ஒற்றைச் சறுக்குக்கட்டையின் மேல் வில்லும் அதிர்ச்சி தாங்கியும் அமைத்து, அதன்மேல் உடலோடு ஒட்டிய இருக்கையைப் பொருத்தும் முறை பின்னரே சீரடைந்தது. 1988-இல் இன்ஸ்புருக் நகரில் உட்கார்ந்து சறுக்குவோருக்கும் போட்டிகள் சேர்க்கப்பட்டன. இரு கால்களையும் பக்கவாட்டில் ஒரே பலகையில் வைத்துச் செல்லும் பனிப்பலகை விளையாட்டு இன்னும் பிந்தியது. அது 2014-இல் ரஷ்யாவின் சோச்சியில்தான் இடம்பெற்றது.

இத்தனையும் தொலைதூரக் கதை என்று தோன்றலாம். ஆனால் இதே வழியில் நடந்த ஒருவர் நம் நகரிலேயே உருவானார். தரைப்படையின் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவைச் சேர்ந்தவரும் குத்துச்சண்டை வீரருமான முரளிகாந்த் பெட்கர், 1965-ஆம் ஆண்டுப் போரில் குண்டுகள் பாய்ந்து படுகாயமுற்றார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. கொலாபாவிலுள்ள அஸ்வினி கடற்படை மருத்துவமனையில் அவருக்கு நீச்சல் ஒரு சிகிச்சையாகத் தரப்பட்டது. சரிவு எடையை இழுத்துச் செல்வதுபோல் நீர் எடையைத் தாங்கிக்கொள்கிறது. கால் செய்யவேண்டிய வேலையை ஏதோ ஒன்று ஏற்றுக்கொண்டால் கை தன் திறமையைக் காட்டுகிறது.

நீர் இருந்தாற் போதுமா? வெளிநாட்டுப் பயணத்திற்குப் பணம் வேண்டுமே! பம்பாயின் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சென்ட் அதற்கு உதவி தேடித் தந்தார். 1968-இல் டெல் அவீவ் நகரில் பெட்கர் மேசைப்பந்து ஆடினார். 1972-இல் மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பர்க். போட்டிகள் மியூனிக்கில் நடந்திருக்கவேண்டியவை. அங்கே ஒலிம்பிக் வீரர்கள் தங்கிய குடியிருப்பைத் தனியார் வீடுகளாக மாற்றும் வேலை காரணமாக, மாற்றுத் திறனாளிகளின் போட்டி வேறு ஊருக்குப் போயிற்று. வீடு கட்டுவோரின் அவசரம் எப்போதும் யாரை நகர்த்துகிறது என்பதை மும்பைவாசிகளுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அங்கே 50 மீட்டர் நீச்சலை 37.33 வினாடியில் முடித்து, உலக சாதனையுடன் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தைப் பெற்றார் பெட்கர். அதே விழாவில் ஈட்டி எறிதல் இரண்டிலும், ஸ்லாலம் என்னும் போட்டியிலும் அவர் இறுதிச் சுற்று வரை சென்றார். நட்டுவைத்த கம்பங்களிடையே சக்கர நாற்காலியை முன்னும் பின்னுமாகத் திருப்பி, மேடு ஏறி இறங்கி, நேரக் கணக்கில் ஓட்டுவது அந்த ஸ்லாலம். சொல் நார்வே நாட்டினது. சரிவில் பதிந்த சறுக்குத் தடம் என்பது அதன் பொருள். பனிமலையிலே கொடிகளுக்கிடையில் வளைந்திறங்கும் போட்டிக்கு முதலில் வழங்கிய பெயரைச் சக்கர நாற்காலிக்காரர்கள் சமதரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பனிமேல் ஏறாத சாங்கலி மாவட்டத்து மனிதர் ஒருவர், பனிச்சறுக்கின் பெயர் தாங்கிய பந்தயத்தில் இவ்வாறு இந்தியாவின் சார்பில் ஓடினார்.

அவருக்குப் பத்மஸ்ரீ விருது 2018-இல் கிடைத்தது. வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருதை 2025 ஜனவரியில் பெற்றபோது, ஹைடல்பர்க் நீச்சலுக்குப் பின் 52 ஆண்டுகள் கடந்திருந்தன.