ஒழுகும் கூரைக்கு யார் பொறுப்பு?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். மலேசியத் தோட்டத் தமிழர்களின் வரலாற்றில் இந்தப் பழமொழியோடு ஒரு கேள்வியும் சேர்ந்தே வருகிறது. அந்த வளையின் கூரை ஒழுகினால் அதை அடைக்க வேண்டியவர் யார்? குடியிருப்பவரா, வீட்டுக்கு உரிமையாளரா, அரசாங்கமா? லயத்து வீட்டில் எழுந்த இந்தக் கேள்வி, அடுக்குமாடி வீட்டுக்கும் குடிபெயர்ந்து வந்திருக்கிறது.

மலாக்கா மாநிலத்திற்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. நாட்டின் முதல் வாணிப ரப்பர்த் தோட்டம் பிறந்தது இங்கேதான். 1896ஆம் ஆண்டில் மலாக்காச் சீன வணிகரான டான் சாய் யான், புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கர் நிலத்தில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசாஹானில் அது ஆயிரக்கணக்கான ஏக்கராக விரிந்தது. ரப்பர் பெருகப் பெருக, தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாக ஆள்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குக் கிடைத்த கூரைதான் லயம்.

நீண்ட ஒரே கூரை. அதன் கீழ் வரிசையாகத் தடுத்த சிறு அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். தொடக்கத்தில் அத்தாப்புக் கூரை. அது வெயிலைத் தாங்கும். ஆனால் சில ஆண்டுகளில் மக்கி ஒழுகும், எளிதில் தீப்பிடிக்கும். அடுத்து வந்தது தகரம். அது நீடித்து உழைக்கும். ஆனால் அடியில் சீலிங் இல்லாவிட்டால் நண்பகலில் வீடே அடுப்பாகிவிடும். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் காதில் விழாது. நீரிணையை ஒட்டிய மலாக்காவுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து கடுங்காற்றும் மழையும் வந்து மோதும். தோட்டத்தில் பெரட்டுக்குக் கிளம்பும் நேரமும் அதுதான்.

அன்றைய சட்டம் இந்தக் கூரைக்குப் பொறுப்பாளியாக முதலாளியையே காட்டியது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வீடு, தண்ணீர், மருத்துவம் ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. மலேரியாவில் படுத்த தொழிலாளி மரம் வெட்டப் போக மாட்டார் என்ற கணக்கும் அதன் பின்னால் இருந்தது. சுதந்திரத்திற்குப் பிறகு, 1966இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்புத் தரச் சட்டம் வந்தது. 1990இல் அதன் இடத்தைப் பிடித்தது 446ஆவது சட்டம். 2019இல் திருத்தப்பட்டு, மற்றத் துறைத் தொழிலாளர்களின் தங்குமிடங்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது.

சட்டங்கள் நல்லவைதான். ஆனால் அவற்றின் அடித்தளத்தில் ஒரு விரிசல் இருந்தது. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் கூரையைக் கேட்கும் உரிமையும் போகும். இதை உணர்ந்துதான் 1973இல் துன் அப்துல் ரசாக் தோட்டத் தொழிலாளர்களுக்கான சொந்த வீட்டுத் திட்டத்தை அறிவித்தார். ஆனால் அது தோட்ட நிர்வாகங்களின் மனமுவந்த ஒத்துழைப்பை நம்பியிருந்ததால், பெரும்பாலான தோட்டங்களில் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.

இதற்கிடையில் தோட்டங்களே கரையத் தொடங்கிவிட்டன. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டதைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்து 1960களில் அறிக்கையாகவே வெளியிட்டார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. 1997இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றி வளர்ந்த புக்கிட் பெருவாங், மலாக்கா புறநகர் எவ்வளவு வேகமாக உருமாறியது என்பதற்கு ஒரு சான்று. தோட்டத்தை விட்டு வெளியேறிய பல குடும்பங்களுக்குக் கைக்கெட்டிய வீடு, மலிவு விலை அடுக்குமாடி வீடுதான். 1982இல் அதன் விலை 25,000 வெள்ளியாக வரையறுக்கப்பட்டது. 1998இல் இடத்திற்கேற்ப 42,000 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. அதையும் வாங்க முடியாதவர்களுக்காக வந்த மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மாத வாடகை 124 வெள்ளி.

இங்கேதான் பழைய கேள்வி புது வடிவில் திரும்புகிறது. லயத்தில் கூரை துரையுடையது. அடுக்குமாடியில் கூரை எல்லாருக்கும் பொது. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, உரிமையாளர்கள் செலுத்தும் பராமரிப்புக் கட்டணத்திலிருந்தும் சேமநிதியிலிருந்தும்தான் அதைப் பழுதுபார்க்க வேண்டும். வருமானம் குறைந்தவர்கள் வாழும் கட்டடத்தில் கட்டணப் பாக்கி ஏறுவது இயல்பு. பாக்கி ஏறினால் நிதி வறளும். நிதி வறண்டால் மேல்மாடி ஒழுகும், தண்ணீர்த் தொட்டி துருப்பிடிக்கும், மின்தூக்கி நிற்கும். அங்கே வாடகைக்குக் குடியிருப்பவரின் நிலை இன்னும் பரிதாபம். கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமை உரிமையாளருக்குத்தான். தலையில் சொட்டுவதோ வாடகைக்காரருக்கு.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன? 1973 எண்ணெய் நெருக்கடியால் குளிர்கால எரிபொருள் செலவு அமெரிக்க ஏழைகளை வாட்டியது. 1976இல் அந்நாட்டு அரசாங்கம், அவர்களின் வீடுகளைக் குளிர் புகாமல் அடைத்துக் கொடுக்கும் திட்டத்தைச் சட்டமாக்கியது. விரிசல்களை மூடுவதும் கூரையில் வெப்பத்தடுப்பு போடுவதும் அதன் வேலை. அடுக்குமாடியில் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் தகுதியுள்ள ஏழைகள் இருந்தால், கட்டடம் முழுவதற்கும் உதவி உண்டு. முக்கியமான நிபந்தனை இது: அரசுப் பணத்தில் கட்டடத்தின் மதிப்பு கூடியதைக் காட்டி, உரிமையாளர் குறிப்பிட்ட காலத்திற்கு வாடகையை உயர்த்தக்கூடாது. அருகிலிருக்கும் சிங்கப்பூரில், 2007இல் அறிவிக்கப்பட்ட வீட்டு மேம்பாட்டுத் திட்டம் பழைய வீவக வீடுகளின் உதிரும் காங்கிரீட்டையும் பழைய குழாய்களையும் சரிசெய்கிறது. குடிமக்களின் வீடுகளில் அத்தியாவசியப் பழுதுபார்ப்புச் செலவு முழுவதும் அரசாங்கத்துடையது.

மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. ஒரே மலேசியா பராமரிப்பு நிதி என்ற பெயரில் இயங்கி, 2018 ஆட்சி மாற்றத்திற்குப் பின் மலேசிய வீடமைப்புப் பராமரிப்பு நிதி எனப் பெயர் மாறிய திட்டம் உள்ளது. மலிவு விலை அடுக்குமாடிகளின் கூரை, தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி போன்றவற்றைச் சீரமைக்க உருவானது அது. ஆனால் இத்தகைய உதவிக்கு முறையான நிர்வாகக் குழுவும் விண்ணப்பமும் வேண்டும். குழு செயலிழந்த கட்டடத்திற்கு உதவி எட்டாக்கனியாகிவிடும் என்பதால், குடியிருப்பாளர் கூட்டத்திற்குப் போவது வெட்டி வேலை அல்ல.

அரசாங்கம் எண்ணிப் பார்க்க வேண்டியவையும் இரண்டு உண்டு. முதலாவது வெப்பம். 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவான நாடு இது. 2012இல் கட்டட விதிகளில் சேர்க்கப்பட்ட கூரை வெப்பத்தடுப்பு அளவு, புதிய கட்டடங்களுக்காக எழுதப்பட்டது. அதற்கு முன்பே எழுந்த மலிவு விலை வீடுகளின் மேல்மாடிகள் கொதித்துக்கொண்டே இருக்கின்றன. கூரை மாற்றும்போதே வெப்பத்தடுப்பையும் சேர்த்துப் போட்டால் கூடுதல் செலவு குறைவு, பலன் நீண்ட காலத்திற்கு. இரண்டாவது, வாடகைக்காரருக்கான பாதுகாப்பு. பொதுப் பணத்தில் கூரை போட்டபின் வாடகை ஏறி, நனைந்தவரே வெளியேற நேர்ந்தால் அந்த உதவி யாருக்கானது?

லயத்தில் வேலை போனதும் வீடும் போனது. அடுக்குமாடியில் கூரை சீரானதும் வீடு போகக்கூடாது. அந்த நிபந்தனையை எழுதி வைக்கச் செலவே இல்லை.