சென்னையிலிருந்து சொல்லப்பட்ட வேற்றுலகம்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயில் பரங்கிமலையையும் நுங்கம்பாக்கத்தையும் கடந்து போகிறது. அண்டம் எவ்வளவு பெரியது, அதில் நம்மைத் தவிர வேறு உயிர்கள் உண்டா என்ற கேள்விகளின் வரலாற்றில் இவ்விரு ஊர்களுக்கும் பங்கு உண்டு. நாள்தோறும் அவ்வழியே போய் வருபவர்களில் பலர் இதை அறிந்திருக்க மாட்டார்கள்.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். கருவி, 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பமானிகளைப் பார்த்துத் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. 400 முறை சங்கிலியை இட்டு முடிக்க 57 நாட்கள் ஆயின. இந்தியப் பெரும் முக்கோண நில அளவை இந்தக் கோட்டிலிருந்தே வளர்ந்தது.

நிலத்தை அளப்பதற்கும் விண்ணுக்கும் என்ன தொடர்பு? புவியின் அளவு தெரிந்தால்தான் சூரியனின் தொலைவை மைல் கணக்கில் சொல்ல முடியும். அது தெரிந்தால், புவி தன் பாதையின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் போகும்போது அருகிலுள்ள விண்மீன் எவ்வளவு இடம் மாறித் தோன்றுகிறது என்பதைக் கொண்டு அதன் தொலைவைக் கணக்கிடலாம். 1838இல் ஜெர்மானிய வானியலாளர் பெசல் இப்படித்தான் 61 சிக்னி விண்மீனின் தொலைவைக் கண்டார். அது சுமார் 11 ஒளியாண்டு.

இந்தத் தொலைவு மனத்தில் பதிய ஒரு கணக்கு. சூரியனை 14 செ.மீ. விட்டமுள்ள பந்தாகச் சுருக்கித் தாம்பரம் ரயில் நிலையத்தில் வைப்போம். கடுகை விடச் சிறிய புவி 15 மீட்டர் தள்ளி, நடைமேடையிலேயே இருக்கும். நெப்டியூன் 450 மீட்டரில் சுற்றும். அதற்கு அடுத்து, மிக அருகிலுள்ள விண்மீனைக் காண 4000 கி.மீ. போக வேண்டும்; இந்தியாவின் தென்வடல் நீளத்தை விட அது அதிகம்.

இனி நுங்கம்பாக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் 1792இல் இங்கே அமைந்தது. 1848இன் இறுதியில் அதன் பொறுப்புக்கு வந்தவர் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் என்ற ராணுவப் பொறியாளர். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களை அளப்பதில் அவருக்குத் தனி ஈடுபாடு. அவற்றுள் ஒன்று 70 ஓபியூக்கி. சுமார் 16.6 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்த இணை, ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 88 ஆண்டுகள் ஆகும். கணக்கிட்ட நீள்வட்டத்தில் அவை ஒழுங்காகச் செல்லவில்லை என்று ஜேக்கப் கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருந்து இழுக்கிறது என்பது பெரிதும் சாத்தியம் என 1855இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் இதழில் எழுதினார். சூரியக் குடும்பத்திற்கு வெளியே கோள் இருப்பதாக முன்வைக்கப்பட்ட மிகப் பழைய அறிவிப்புகளில் இதுவும் ஒன்று.

காலமும் அதற்கு ஏற்றதாக இருந்தது. உயிர்கள் வாழ்வது புவியில் மட்டுமே என்று 1853இல் வில்லியம் ஹியூவெல் பெயர் போடாமல் ஒரு நூல் எழுத, டேவிட் புரூஸ்டர் மறுத்து எழுத, இங்கிலாந்தில் பெரும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. ஜேக்கப்பும் அதே 1855இல் ஒரு சிறுநூலுடன் அதில் கலந்துகொண்டார்.

அவர் சொன்ன கோள் நிலைக்கவில்லை. 1890களில் அமெரிக்கரான தாமஸ் சீ அதே விண்மீனில் இருண்ட துணை ஒன்று உண்டு என்றார். அப்படிப்பட்ட அமைப்பு நிலைத்திருக்க முடியாது என்று 1899இல் மோல்டன் கணிதத்தால் காட்டினார். ஜேக்கப்பின் தவறு, என் பார்வையில், மதிப்புக்குரிய தவறு. வழிமுறை சரி, அன்றைய அளவீடுகளின் பிழையே அவர் தேடிய விலகலுக்கு இணையாக இருந்தது. விண்மீனின் தள்ளாட்டத்திலிருந்து காணாத கோளை ஊகிக்கும் அதே எண்ணத்தைக் கொண்டுதான், 1995இல் மேயரும் கெலோவும் 51 பெகாசி விண்மீனின் கோளைக் கண்டறிந்தார்கள். அவர்கள் அளந்தது விண்மீனின் இடத்தை அன்று, அதன் ஒளியிலிருந்து வேகத்தை. இன்று உறுதியான புறக்கோள்கள் 6000ஐத் தாண்டிவிட்டன. உயிர் இருப்பதாக உறுதியானது அவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஜேக்கப் 1862இல் புனேயில் இறந்தார். வானாய்வுப் பணி 1899இல் கோடைக்கானலுக்கு மாறியது. பழைய வானாய்வகக் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுகளோடு, நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.