அம்மச்சிப் பிலாவும் அழிந்த படச்சுருளும்

நடந்ததைக் கூறுவது வரலாறு. நடந்திருக்கக் கூடியதைக் காட்டுவது கலை. இவ்விரண்டும் திரைப்படத்தில் கூடும்போது எதற்கு எவ்வளவு இடம் என்னும் வினா எழுகிறது. உண்மை நிகழ்ச்சியைப் படமாக்குவோனுக்குக் கற்பனை உரிமை எதுவரை உண்டு? இதற்கு விடை தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களும் அவற்றை அடுத்த குமரி நாடுமே போதிய சான்று தருகின்றன.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு நிலப்படத்தில் விழுந்ததேயன்றி வீட்டுப் பேச்சிலும் கொள்வினை கொடுப்பினையிலும் விழவில்லை. ஆதலின் இப்பகுதியின் பழங்கதைகள் இரு மொழிகளிலும் வழங்குகின்றன. வழங்கும்போது சிறிது மாறவும் செய்கின்றன.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் ஒரு பழைய பலாவின் பட்ட அடிமரம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அம்மச்சிப் பிலா என்பது அதன் பெயர். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர், இளவரசராய் இருந்த காலத்தில் எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்கு அஞ்சி இம்மரப் பொந்தில் ஒளிந்தார் என்பது செவிவழிச் செய்தி. பொந்தைக் காட்டியவன் ஓர் எளிய சிறுவன் என்றும், அவன் கண்ணனே என்றும் ஊரார் கூறுவர்.

சி. வி. இராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மார்த்தாண்ட வர்மா’ நாவலிலும் பலா மரப் பொந்து வருகிறது. அங்கே இளவரசருக்கு வழிகாட்டுபவன் பித்துக்கொண்ட சாணான் ஒருவன். கதை முடிவில் அவன் சாணான் அல்லன், திருமுகத்துப் பிள்ளையின் மகனாகிய அனந்தபத்மநாபன் மாறுவேடம் பூண்டிருந்தான் என்று தெரிகிறது. நாவல் என்ற அளவில் இது சுவையான திருப்பம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊர்க்கதையில் எளியவன் செய்த உதவி, நாவலில் உயர்குடியாளன் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிடுகிறது!

இந்நாவலை நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தரராஜ் தயாரிக்க, பி. வி. ராவ் இயக்கத்தில் 1933-இல் மௌனப் படமாக்கினர். நாவலின் பதிப்புரிமை தங்களுடையது என்று கமலாலயா புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்தனர். படம் திரையிலிருந்து இறங்கியது. 1974-இல் அதன் படி மீட்கப்பட்டுப் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது.

இதற்கு முன்னரே ஜே. சி. டேனியல் என்பவர் ‘விகதகுமாரன்’ என்னும் மௌனப் படத்தை எடுத்திருந்தார். அவர் அகத்தீசுவரத்தைச் சேர்ந்த தமிழர். நாடார் குலத்துக் கிறித்தவர். தம் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். கதைத் தலைவியாகிய நாயர் பெண்ணாக நடித்தவர் பி. கே. ரோசி என்னும் புலையர் குலப் பெண். அவர் தமிழும் மலையாளமும் கலந்து நடிக்கப்படும் காக்காரிசி நாடகத்தில் பயின்றவர் என்பர். கேப்பிட்டல் அரங்கில் படம் காட்டப்பட்டபோது திரையின்மீது கல் வீசினர். ரோசி ஊரை விட்டே ஓட நேர்ந்தது.

நாயர் ஒருவன் சாணானாக வேடம் புனைந்ததை ஏட்டில் படித்து மகிழ்ந்த நாடு, புலையர் பெண் ஒருத்தி நாயர் பெண்ணாக வேடம் புனைந்ததைத் திரையில் காணப் பொறுக்கவில்லை. கற்பனை உரிமை யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்படத்தின் படி ஒன்றேனும் இன்று இல்லை. டேனியலின் இளைய மகனே தாம் சிறுவயதில் அறியாது அதனை எரித்துவிட்டதாகப் பிற்காலத்தில் கூறியுள்ளார். படம் வெளிவந்த நாள் 1928 நவம்பர் 7 என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் அது 1930 அக்டோபர் 23 என்று காட்டினர். பொருளையெல்லாம் இழந்த டேனியல் பல் மருத்துவராய் வாழ்ந்து 1975-இல் மறைந்தார். அவர் பெயரால் கேரள அரசு விருது நிறுவியது 1992-இல்தான்.

இவ்வாழ்க்கையை இயக்குநர் கமல் 2013-இல் ‘செல்லுலாயிட்’ என்னும் படமாக்கினார். அது கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது. மறக்கப்பட்ட ஒருவரை மக்கள் நினைவில் நிறுத்தியது அதன் பெருமை. எனினும் இரண்டு கண்டனங்கள் எழுந்தன.

தமிழன் என்றும் நாடார் என்றும் கருதி டேனியலுக்கு உதவி மறுத்தோராகப் படத்தில் ஓர் ஆட்சியாளரும் ஓர் அதிகாரியும் வருகின்றனர். இவர்கள் கே. கருணாகரனையும் மலையாற்றூர் இராமகிருஷ்ணனையும் குறிப்பதாகக் கருதப்பட்டமையால் எதிர்ப்பு மூண்டது. இருவரும் அப்போது உயிருடன் இல்லை. அலுவலகக் கோப்புகளோடு நாள் கழிக்கும் நாம் ஒன்று அறிவோம்: ஒரு விண்ணப்பம் ஒருவர் கையால் மட்டும் மறுக்கப்படுவதில்லை. கீழிருந்து எழுதிச் செல்லும் குறிப்புகள் பல, ஒப்பங்கள் பல, விதிகள் பல. திரைக்கதைக்கோ ஒரு முகம் வேண்டும். பலரும் பங்குகொண்ட அநீதியை ஒரு முகத்தில் ஏற்றினால் மற்றையோர் அனைவரும் எளிதில் தப்பிவிடுகின்றனர்.

மற்றொரு கண்டனம் தலித் சிந்தனையாளர்களிடமிருந்து வந்தது. ரோசியை அஞ்சி ஒடுங்கும் பேதையாகவே படம் காட்டிவிட்டது என்றனர். ரோசியின் சொல்லாகவோ எழுத்தாகவோ நமக்கு எதுவும் எஞ்சவில்லை. ஆகவே எந்தப் படமும் அவரைக் கற்பனையால்தான் ஆக்க முடியும். ஆனால் மேடையேறிப் பழகிய ஒரு கலைஞருக்குத் துணிவையும் கற்பித்திருக்கலாமே! சான்று இல்லாத இடத்தில் நாம் எதைக் கற்பிக்கிறோம் என்பதே நம் உள்ளத்தைக் காட்டிக் கொடுக்கிறது.

1959-இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தையும் நினைவிற் கொள்வோம். கட்டபொம்மன் 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் ஜாக்சனைச் சந்தித்தது வரலாறு. அவன் திரையில் முழங்கும் உரை சக்தி கிருஷ்ணசாமியின் எழுத்து. அவ்வுரை கேட்டு மெய்சிலிர்ப்பதில் தவறில்லை. அதனை ஆவணமென்று கொள்வதே தவறு.

ஆகவே நாம் துணியக்கூடியது இதுவே. உரையாடலைப் புனையலாம், காலத்தைச் சுருக்கலாம், பெயர் அறியாதோருக்குப் பெயரும் சூட்டலாம். ஒருவர் செய்ததை மற்றொருவர் செய்ததாக மாற்றுதல் ஆகாது. இறந்தோர்மீது சான்றின்றிப் பழி சுமத்துதலும் ஆகாது.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் முன்னோர் வரலாற்றைப் பெரும்பாலும் திரையிலேயே காண்கின்றனர். காணட்டும். படம் முடிந்தபின் “இதில் எது நடந்தது?” என்று கேட்க அவர்களைப் பழக்குவோம். விடை சொல்லத்தக்க முதியோர் வீட்டில் இருப்பின், அவர்கள் கூறுவதை ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் ஆண்டும் குறித்து இப்போதே எழுதி வைப்போம். படச்சுருள் எரிந்ததுபோல் அந்நினைவுகளும் அழிய விடலாகாது.