காங்கேசன்துறையும் வலசைப் புட்களும்

காங்கேயனாகிய முருகப்பெருமானின் திருவுருவம் கடல்வழி வந்திறங்கியமையால் காங்கேசன்துறை அப்பெயர் பெற்றது என மாவிட்டபுரத் தலவரலாறு கூறும். அக்கரைக்கு ஆண்டுதோறும் கடல் கடந்து வருவன வலசைப் புட்களும் ஆம். வாடைக் காலத்தை இங்குக் கழிக்கும் உள்ளான் முதலியன, பங்குனி சித்திரையில் வாடை தணிந்தபின் வடபுலம் நோக்கி மீளும். பாக்குநீரிணைக்கு அப்பால் ஏறத்தாழ 55 கிலோமீற்றரில் கோடிக்கரை உளது.

நாரையைத் தூதுவிட்ட சத்திமுற்றப் புலவரின் தனிப்பாடல், புட்களின் வடதிசைச் செலவைத் தமிழர் பண்டே அறிந்திருந்தமைக்குச் சான்றாகும். இலங்கைப் புட்களைப் பற்றி லெக் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி எழுதிய பெருநூல் 1880 இல் நிறைவுற்றது. ஹென்றியின் கைந்நூல் 1955 இல் வெளிவந்தது.

1990 இல் போரினால் மக்கள் இடம்பெயர்ந்தனர். கரையோரம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. புட்களுக்கு வேலி தடையன்று. ஆயின் அவற்றைக் கண்டு குறித்துவைத்தற்குரிய ஊரவர் அங்கிலர். 2009 இல் போர் ஓய்ந்த பின்னரும் நிலங்கள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வரத் தொடங்கியது.

மன்னரையும் போரையும் எழுதுதல் மட்டும் வரலாறன்று. எப்புள் எந்நாளில் வந்தது, எந்நாளில் அகன்றது எனக் குறித்துவைத்தலும் வரலாற்றுப் பணியே. குறிக்கப்படாது கழிந்த ஆண்டுகளை மீட்டல் இயலாது. இனிவரும் இளவேனில்களையேனும் மாணவர் குறித்துவைப்பாராக.