பேட்டரி யார் தலையில?

2021-ல ஃபோர்டு கம்பெனி எஃப்-150 லைட்னிங்னு ஒரு எலக்ட்ரிக் பிக்கப்பை அறிமுகப்படுத்துச்சு. அமெரிக்காவுல பிக்கப்னா நம்மூர் குட்டியானை மாதிரி. தச்சர், எலக்ட்ரீஷியன், பிளம்பர்னு பலருக்கும் அதுதான் சோறு போடுற வண்டி. லைட்னிங்ல இன்னொரு வசதி, வேலை நடக்கிற இடத்துல ஜெனரேட்டர் தேவையில்லை. வண்டியிலேயே பிளக்கைச் சொருகி ரம்பம் ஓட்டலாம். ஆரம்ப விலையா அறிவிச்சது 39,974 டாலர். சூப்பர்ல?

அப்புறம்தான் சிக்கல். 2023 மார்ச்சுல அந்த விலை 60,000 டாலர் கிட்டப் போய், ஜூலைல 50,000-க்கு இறங்குச்சு. பின்னாடி பெரிய டிரெய்லரை மாட்டினா ஓடுற தூரம் ஏறக்குறைய பாதியாச்சு. கடைசியில 2025 டிசம்பர்ல, முழு எலக்ட்ரிக் லைட்னிங்கை நிறுத்துறதா ஃபோர்டே அறிவிச்சிடுச்சு.

"பார்த்தீங்களா, உழைக்கிறவனுக்கு இதெல்லாம் ஒத்துவராது"ன்னு சொல்றவங்களுக்கு நூறு வருஷப் பழைய கதை ஒண்ணு இருக்கு.

இடம் அதே அமெரிக்கா, கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரம். காலம் 1910-கள். அங்கே வியாபாரிங்க ஜெனரல் வெஹிக்கிள் கம்பெனியோட எலக்ட்ரிக் லாரியை வாங்கினாங்க, ஆனா பேட்டரி இல்லாம! பேட்டரி கொடுத்தது ஹார்ட்ஃபோர்டு எலக்ட்ரிக் லைட் கம்பெனி, அதாவது ஊருக்குக் கரண்ட் கொடுக்கிறவங்க. சார்ஜ் தீர்ந்தா காத்திருக்க வேணாம், வேற பேட்டரியை மாத்திட்டுக் கிளம்பலாம். சீக்கிரம் மாத்துறதுக்குன்னே லாரியையும் பேட்டரியையும் திருத்தி வச்சிருந்தாங்க. ஓடின மைலுக்கு இவ்வளவுன்னு காசு, கூடவே மாசக் கட்டணம். பராமரிப்பும் வண்டி நிறுத்துற இடமும் அதுலயே அடக்கம். 1924 வரைக்கும் இந்த ஏற்பாட்டுல லாரிங்க ஓடினது 60 லட்சம் மைலுக்கு மேல!

அதுக்கப்புறம் பெட்ரோல் லாரி விலை குறைஞ்சு, ஊரைத் தாண்டி ஓட ஆரம்பிச்சதும் எலக்ட்ரிக் லாரிக்கு மவுசு போச்சு. அது வேற கதை.

எனக்கு உறைச்சது இதுதான். ஹார்ட்ஃபோர்டுல பேட்டரியோட தலைவலியைச் சுமந்தது கரண்ட் கம்பெனி. லைட்னிங்ல விலை, தூரம், சார்ஜ் போட ஆகுற நேரம்னு மொத்தமும் வாங்கினவர் தலையில. கார்ல ஆபீஸ் போற எனக்கு நடுவழியில சார்ஜ் தீர்ந்தா வெறும் எரிச்சல். அந்தத் தச்சருக்கு அது ஒரு நாள் கூலி. அவர் யோசிக்கத்தானே செய்வார்?

நாங்க எழுதின சாஃப்ட்வேரை யாரும் தொடலைன்னா, "யூசருக்குப் புரியலை"ன்னு மீட்டிங்ல ஈஸியா சொல்லிடுவோம். அப்படிச் சொன்ன ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். இனிமே சொல்றதுக்கு முன்னாடி, சுமையை யார் தலையில வச்சோம்னு ஒரு தடவை பார்க்கணும்.

நீங்க என்ன நினைக்கிறீங்க மக்கா?