மோட்டார்ஹோமில் ஐரோப்பா டூர்... சிட்டிக்குள்ள வண்டியை எங்கே நிறுத்துறது?

முன்னால் 'உயரம் 2.0 மீட்டர்' என்று எழுதிய இரும்புக் கம்பி தொங்குகிறது. உங்கள் வண்டியின் உயரம் 3.1 மீட்டர். பின்னால் வரிசையாக ஏழு கார்கள். ஹார்ன் அடிக்கிறார்கள். ரிவர்ஸ் எடுக்கவும் இடமில்லை.

ஐரோப்பாவில் வாடகைக்கு மோட்டார்ஹோம் எடுத்துப் போறவங்க பயப்பட வேண்டியது ஆல்ப்ஸ் மலைப்பாதைக்கு இல்லை, இந்தக் கம்பிக்குத்தான். ரீல்ஸ்ல ஏரிக்கரையில காபி குடிக்கிறதைக் காட்டுவாங்க. அதே வண்டியோட ஃப்ளாரன்ஸுக்குள்ள சிக்கி, வியர்த்து விறுவிறுத்து நிக்கிறதைக் காட்ட மாட்டாங்க. படுக்கை, அடுப்பு, டாய்லெட் என வீட்டையே இழுத்துக்கொண்டு போகும்போது, நெடுஞ்சாலையும் கிராமமும் சுகம். நகரம்தான் சிக்கல்.

அதற்கு வழி ஒன்றுதான். வண்டி ஊருக்கு வெளியே, நீங்க ஊருக்குள்ளே. நகர மையத்தில் பார்க்கிங் தேடாதீர்கள். டிராம், மெட்ரோ அல்லது படகு கிடைக்கிற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு, கையை வீசிக்கொண்டு ஊருக்குள் போங்கள். சொல்வது சுலபம். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல்ல வண்டியை அளங்க

டிரைவர் சீட்டுக்கு மேலே படுக்கை துருத்திக்கொண்டு நிற்கும் குடும்ப வண்டிகள் 3 மீட்டருக்கு மேல் உயரம், 7 மீட்டர் வரை நீளம் இருக்கும். ஃபியட் டுகாட்டோ வேனை மாற்றிச் செய்த கேம்பர்வேன்கள் சுமார் 6 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் உயரம். ஐரோப்பிய நகரங்களில் சாதாரண கார் பார்க்கிங் கட்டம் சுமார் 5 மீட்டர் நீளம்தான். மல்டிலெவல் பார்க்கிங்கின் உயர வரம்போ பெரும்பாலும் 2 மீட்டரை ஒட்டியே இருக்கும். ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா மாதிரி, கூரையை மடக்கினால் சுமார் 2 மீட்டருக்குள் அடங்கிவிடும் வண்டிக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரெண்டே பேர், பயணத்துல பாதி நகரங்கள்னா, சின்ன வேனையே எடுங்க. பெரிய வண்டியில கிடைக்கிற சோபாவைவிட சின்ன வண்டியில கிடைக்கிற நிம்மதி பெருசு.

சாவி வாங்கும்போதே உயரம், அகலம், நீளம், எடை நாலையும் ஒரு பேப்பரில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். உயரத்தில் கூரை மேலே இருக்கும் ஏசி, ஆன்டெனாவையும், அகலத்தில் பக்கக் கண்ணாடிகளையும் சேர்க்க வேண்டும். கூகுள் மேப்ஸுக்கு உங்க வண்டியோட உயரம் தெரியாது. அது பாட்டுக்குத் தாழ்வான பாலத்துக்குக் கீழே கூட்டிட்டுப் போகும். உயரத்தையும் எடையையும் உள்ளிடக்கூடிய சைஜிக் மாதிரியான நேவிகேஷன் ஆப் போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று. பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் இடதுபக்கம் ஒடிக்கும்போது வால் வலதுபக்கம் வீசும். பக்கத்தில் நிற்கும் கார் உரசுவது பெரும்பாலும் இப்படித்தான்.

எந்தப் பெயரில் தேடணும்?

ஜெர்மனியில் இதற்கு 'ஷ்டெல்பிளாட்ஸ்' என்று பெயர். மோட்டார்ஹோமுக்கென்றே ஒதுக்கிய பார்க்கிங். பல இடங்களில் நகராட்சியே நடத்தும். கரன்ட், தண்ணீர், கழிவைக் கொட்டும் வசதி இருக்கலாம். வெறும் தார்த்தரையாகவும் இருக்கலாம். ஃப்ரான்ஸில் 'ஏர் த காம்பிங்-கார்', இத்தாலியில் 'ஏரியா சோஸ்தா'. பார்க்4நைட், கேம்பர்கான்டாக்ட் என்ற இரண்டு ஆப்களில் இவை எல்லாம் மேப்பிலேயே தெரியும். அங்கே ஸ்டார் ரேட்டிங்கைப் பார்த்து ஏமாறாதீங்க. கடைசி ரெண்டு மாசத்து ரிவ்யூவை மட்டும் படிங்க. 'கம்பி போட்டுட்டாங்க', 'ராத்திரி கண்ணாடியை உடைச்சாங்க' போன்ற தகவல் அங்கேதான் கிடைக்கும்.

ஷ்டெல்பிளாட்ஸ்களில் பலவற்றில் முன்பதிவு கிடையாது. முதலில் வந்தவருக்கே இடம். ஜூலை, ஆகஸ்ட்டில் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் நின்றால் அநேகமாகத் திரும்ப வேண்டியதுதான். மதியம் ரெண்டு, மூணு மணிக்கே போய்ச் சேருகிற மாதிரி அன்றைய ஓட்டத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். எந்த ஊராக இருந்தாலும் கையில் இரண்டாவது இடம் ஒன்றும் இருக்கட்டும்.

சில ஊர்கள், சில இடங்கள்

ஃப்ளாரன்ஸ்: ஏ1 நெடுஞ்சாலையை ஒட்டி 'வில்லா கோஸ்டான்ஸா' என்றொரு பார்க்கிங் இருக்கிறது. நெடுஞ்சாலையில் இருந்து நேராக அதற்குள் நுழையலாம். நகரச் சாலையில் ஒரு மீட்டர்கூட ஓட்ட வேண்டாம். அங்கிருந்து டி1 டிராமில் ஏறினால் சுமார் 25 நிமிடத்தில் சான்டா மரியா நோவெல்லா ஸ்டேஷன். இறங்கி நடந்தால் டுவோமோ தேவாலயம். நகரத்துக்கு மோட்டார்ஹோமில் போவது எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

வெனிஸ்: ஊருக்குள் ரோடே கிடையாது என்பதால் குழப்பமும் கிடையாது. பாலத்தைத் தாண்டி ட்ரொன்கெட்டோ தீவில் நிறுத்தலாம். அதைவிட, காயலின் கரையில் இருக்கும் ஃபுசினா கேம்ப்சைட்டில் வண்டியைப் போட்டுவிட்டுப் படகில் போவது அழகு. வெனிஸைத் தண்ணீர் வழியாகவே முதலில் பார்க்கிற சந்தோஷம் கூடுதல் போனஸ்.

பாரிஸ்: நகரின் மேற்கு ஓரத்தில், போவா த பூலோன் காட்டுக்குள் சென் நதிக்கரையில் கேம்ப்சைட் இருக்கிறது. அங்கிருந்து போர்ட் மயோ போய் மெட்ரோ 1-ம் லைன் பிடித்தால் நகரம் உங்கள் கையில். சில நாள் பாஸ்டாவும் ரொட்டியும் தின்று நாக்கு செத்துப்போயிருந்தால், எத்வால் ஸ்டேஷனில் 2-ம் லைனுக்கு மாறி லா ஷாப்பெல்லில் இறங்குங்கள். ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த தெரு. தோசை, கொத்துரொட்டி எல்லாம் உண்டு. அந்தத் தெருவுக்குள்ள மோட்டார்ஹோமை எடுத்துட்டுப் போகலாம்னு மட்டும் நினைச்சுப் பார்க்காதீங்க!

ஆம்ஸ்டர்டாமில் ஸீபுர்க் கேம்ப்சைட். 26-ம் நம்பர் டிராம் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போகிறது. லண்டனில் தென்கிழக்கே ஆபி வுட். 2022-ல் எலிசபெத் லைன் ரயில் வந்தபிறகு அங்கிருந்து நகர மையம் அரை மணி நேரத்துக்குள். இந்த மாதிரிப் பெருநகர கேம்ப்சைட்டுகளுக்கு மட்டும் கட்டாயம் முன்பதிவு செய்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கோடுகள்

பார்க்கிங் கட்டணத்தைவிட அதிகமாகப் பணம் போவது இங்கேதான். இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகள் பலவும் 'இசட்.டி.எல்' எனப்படும் தடை வளையத்துக்குள் இருக்கின்றன. அனுமதி இல்லாத வண்டி நுழையக் கூடாது. தடுக்க போலீஸ் நிற்காது. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளும். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் உள்ள போர்டின் பக்கத்தில் 'வார்கோ அத்தீவோ' என்று எரிந்தால், கேமரா வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி அபராதம். வழி தெரியாமல் மூன்று முறை சுற்றினால் மூன்று. நீங்கள் ஊர் திரும்பி, டூரையே மறந்திருக்கும் நேரத்தில் நோட்டீஸ் வரும். வாடகை கம்பெனி தன் பங்குக்கு ஒரு சர்வீஸ் சார்ஜையும் உங்கள் கார்டில் பிடித்துக்கொள்ளும்.

ஜெர்மனியில் பெர்லின் உட்பட பல நகரங்களின் மையப்பகுதிக்குள் போக, கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் வேண்டும். இல்லாவிட்டால் 100 யூரோ அபராதம். வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தாலும் அபராதம் உண்டு. ஜெர்மன் வாடகை வண்டிகளில் ஏற்கெனவே ஒட்டியிருப்பார்கள். சாவி வாங்கும்போது ஒருதடவை பார்த்துவிடுங்கள். லண்டனில் 2023 ஆகஸ்ட் முதல் எல்லாப் பகுதிகளுமே 'யூலெஸ்' வளையத்துக்குள் வந்துவிட்டன. புகைத் தரம் இல்லாத வண்டியை ஓட்டினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. ஓட்டுகிற நாளுக்குத்தான் கட்டணம், நிற்கிற நாளுக்கு இல்லை. மூணு நாள் லண்டன்னா, வர்ற அன்னிக்கும் போற அன்னிக்கும் மட்டும் கட்டினாப் போதும். ஃப்ரான்ஸின் 'கிரிட்ஏர்' ஸ்டிக்கர் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கிளம்புகிற வாரம் அந்தந்த நகரத்தின் அரசு இணையதளத்தைப் பாருங்கள்.

நிறுத்தலாம், தூங்கலாமா?

இரண்டும் ஒன்றல்ல. ஜெர்மனியில் சாதாரண பார்க்கிங்கில், களைப்பு தீர்ந்து மறுபடி ஓட்டுவதற்காக என்ற கணக்கில் ஒரு இரவு வண்டிக்குள் தூங்குவதை ஏற்றுக்கொள்கிறார்கள். வெளியே நாற்காலி, மேஜை, நிழற்கூரை போட்டால் அது 'கேம்பிங்', அதற்கு அனுமதியில்லை. இத்தாலியிலும் கிட்டத்தட்ட இதே பார்வைதான்: சக்கரம் மட்டும் தரையைத் தொட வேண்டும். நெதர்லாந்தின் நகரங்களிலும் குரோஷியாவிலும் தெருவோரத் தூக்கமே சிக்கல். நடுராத்திரி கதவைத் தட்டி எழுப்பி அபராதச் சீட்டு கொடுப்பார்கள். குழந்தையோடு போகிறவர்கள் இந்த ரிஸ்க்கை எடுக்காதீர்கள்.

நெடுஞ்சாலை ஓய்விடங்கள் இலவசம்தான். இரவுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தூங்கும்போதே கதவைத் திறந்து திருடுவது அங்கே பழைய கதை. பகலில் நகர பார்க்கிங்கில் விட்டுப் போகும்போதும் பாஸ்போர்ட், பணம், லேப்டாப் எதையும் வண்டியில் வைக்காதீர்கள். சுற்றுலா வண்டி என்பது நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது. உள்ளே ஆளில்லை என்பது திருடனுக்குத் தெரியும்.

கடைசி ராத்திரியை வாடகை கம்பெனியின் டிப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஷ்டெல்பிளாட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நகர டிராஃபிக்கில் மாட்டி, லேட்டாகப் போனால் அதற்கும் பணம் கேட்பார்கள். அங்கேயே கழிவுத் தண்ணீரையும் டாய்லெட் கேசட்டையும் காலி பண்ணிடுங்க. மறந்துட்டா, டெபாசிட்ல இருந்து பிடிக்கிற முதல் அயிட்டம் அதுதான்.